தொண்ணூறாம் பக்கம்

நவம்பர் மழை பிடித்தால்
எங்கள் ஏழு பேருக்கும் ஒரு புத்தகம் வேண்டும்,
ஜனவரி முடியும்வரை தாங்குகிற மாதிரி.

வெள்ளி இரவு ஒன்பதரை.
திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள்:
சுங்கைப் பட்டாணியில் லூர்துமேரி, தலைக்குமேல் மின்விசிறி.
ஈப்போவில் கோகிலவாணி, மடியில் தூங்கும் பிள்ளை.
பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு வெளியே
அடுத்த சவாரிக்குக் காரில் காத்திருக்கும் நந்தகோபன்.
ஜெலுத்தோங்கில் நான்,
அடைத்த கடைக்குள்,
ஜெராக்ஸ் மெஷினின் சூடு இன்னும் ஆறவில்லை.

முன்மொழிந்தவை மூன்று.
ஒன்றில் குதிரை ஓடும், வாள் சுழலும்,
இருநூறாம் பக்கம் கல்யாணம்.
இன்னொன்றில் ஜமீன் வீட்டுக் கொலை,
கொன்றது யாரென்று அட்டைப் படமே சொல்லிவிடும்.
மூன்றாவது நான் சொன்னது.
எழுநூற்று நாற்பது பக்கம்.
மதராசில் கப்பலேற்றி
இந்தத் தீவில் இறக்கிய கைதிகள்,
நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்திக்கொண்டு
சதுப்பில் கல் கொட்டிச் சாலை போடுகிறார்கள்.
அறுபது பக்கம்வரை கப்பல் நகர்வதேயில்லை.
ஒரே வாக்கியம் மூச்சு விடாமல்
மூன்று பக்கம் போகிறது.
பெயர் யாருக்கும் கிடையாது, எண்தான்.
நாற்பத்திரண்டு இருமுகிறான்,
நூற்றுப் பதினேழு விழித்துக்கொள்கிறான்.

"டிசம்பரில் பள்ளி விடுமுறை,
கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்" என்றாள் கோகிலவாணி.
"நாவலா, கணக்குப் பாடமா?" என்றார் ஷம்சுதீன்.
லூர்துமேரி மட்டும்,
"நீ படித்து முடித்தாயா?"

மூன்று தடவை தொடங்கினேன்.
மூன்று தடவையும் தொண்ணூறாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
தனியாக முடியவில்லை.
அதனால்தான் கேட்கிறேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
நந்தகோபனின் கார்க் கண்ணாடியில்
மழைத்துடைப்பான் மட்டும் போய் வந்தது.

நான்குக்கு மூன்று.

அப்புறம்தான் தெரிந்தது
எந்தக் கடையிலும் ஒரு பிரதி இல்லை.
அச்சடித்ததே முந்நூறாம்.
"உன்னிடம்தான் மெஷின் இருக்கிறதே" என்றார்கள்.
மெஷின் இருக்கிறது.
எழுதியவரும் இருக்கிறார், பிறையில்,
அச்சகக் கடனை இன்னும் கட்டிக்கொண்டு.
போன் போட்டேன்.
"என்னிடமும் ஒன்றுதான் இருந்தது அம்மா,
கரையான் பாதிவரை வாசித்துவிட்டது" என்று சிரித்தார்.
அந்தச் சிரிப்புக்குப் பிறகு
நகல் எடுக்கக் கை வரவில்லை.

சனிக்கிழமை பசியாறிவிட்டுக்
கத்தியை எடுத்தேன்.
முதுகில் கோந்து இறுகிய இடம் பார்த்து
மெல்ல இறக்கினேன்.
கோழி வெட்டுகிறவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.
நான்கு துண்டு, நான்கு உறை.
முதல் துண்டு ஈப்போவுக்கு.
கடைசித் துண்டு, வேறு வழியில்லாமல், நந்தகோபனுக்கு.
முடிவிலிருந்து தொடங்கச் சொல்கிறேனே, மன்னியுங்கள் என்றேன்.
"நான் எப்போதும் போகுமிடத்தைத்தானே
முதலில் கேட்கிறேன்" என்றார்.

டிசம்பர் இரண்டாம் வெள்ளி.
கோகிலவாணி இன்னும் கடலில்.
லூர்துமேரி முகாமில், பேதி பரவும் வாரத்தில்.
நந்தகோபன் மட்டும் குரல் தணிந்து,
"நூற்றுப் பதினேழை விட்டுவிட்டார்கள்.
ஊருக்குப் போகமாட்டேன் என்கிறான்.
நெற்றி தெரியாமல் முண்டாசு கட்டி
தான் போட்ட சாலையிலேயே மாட்டுவண்டி ஓட்டுகிறான்.
சவாரி கிடைக்காத நாளில்
வண்டியை நிறுத்திவிட்டுக் கல்லை எண்ணுகிறான்."

"சொல்லாதீர்கள், சொல்லாதீர்கள்,"
காதைப் பொத்திக்கொண்டாள் கோகிலவாணி.
பொத்தியபடியே,
"அவனா? இங்கே அவனுக்கு நாலு நாளாய் வாந்தி.
பிழைப்பானோ மாட்டானோ என்று
சோற்றில்கூட கை வைக்கவில்லை நான்."

என் கையில் இரண்டாம் துண்டு.
நூற்று எண்பத்தாறில் தொடங்குகிறது.
நான் மூன்று தடவை முட்டிக்கொண்ட சுவர்
ஈப்போவில், ஒரு பிள்ளையின் பால்புட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

கேட்டேன்: தொண்ணூறு வந்துவிட்டதா?

"முந்தாநாளே தாண்டிவிட்டேன்.
ஏன், அங்கே என்ன?"